பி பக்கத்து மழை

1996ஆம் வருடம் ஆனி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை, கோயம்புத்தூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில், நாவல் வெளியீட்டு விழா நடந்துகொண்டிருந்தபோது அறைக்குள் மழை பெய்தது. நாவலை முழுக்கப் படித்திருந்த பதினோரு பேர் நனைந்தார்கள். படிக்காத அறுபத்தைந்து பேர் நனையவில்லை. மேடையில் அந்த நாவலைப் பற்றி நாற்பது நிமிடம் பேசி அமர்ந்திருந்த பேராசிரியரின் கதர்ச் சட்டையில் ஒரு துளி கூட விழவில்லை. வேறு கூட்டம் இருப்பதாகச் சொல்லி அவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். காவலாளி துடைப்பத்தோடு மாடியேறி வந்து பார்த்தபோது தரை காய்ந்து கிடந்தது, நாற்காலிகளும் காய்ந்து கிடந்தன. பதினோரு பேர் மட்டும் தலை சொட்டச் சொட்ட, எதைத் துடைப்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

நாவலின் பெயர் 'எழுபத்திரண்டு அடி'. எழுதியவன் கதிரேசன், காந்திபுரம் பஸ் நிலையத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பர். காங்கேயத்துக்குத் தெற்கே செங்காட்டுவலசில் பிறந்தவன். அவன் அப்பா மாசாணம் 1971இல் அந்த ஊர்ப் பண்ணையின் கிணற்றுக்குள் இறந்துபோனார். அந்தக் கிணற்றின் ஆழம்தான் புத்தகத்துக்குப் பெயர். மோட்டாரைத் திருட இறங்கியவன் தவறி விழுந்து செத்தான் என்று போலீஸ் பதிவேட்டில் எழுதினார்கள். கதிரேசனுக்கு அப்போது இரண்டு வயது. திருடன் மகன் என்ற பெயரோடேயே பள்ளிக்கூடம் போய், அந்தப் பெயர் தெரியாத ஊரில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு பஸ் கிளம்பி அடுத்த பஸ் வரும்வரை கிடைக்கும் நிமிடங்களில், டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் நான்கு வருடம் எழுதினான். பன்னிரண்டு அத்தியாயம் வந்தது. ஒன்பதாவதில் அப்பா கிணற்றில் இறங்குகிறார்.

முதலில் படித்தவன் அவனுடைய சிநேகிதன் பிரான்சிஸ். பகலில் கிரைண்டர் செய்யும் பட்டறையில் கல் கொத்துகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கிடார் வாசிக்கிறவன். படித்து முடித்துவிட்டு, "எல்லாஞ் சரி மாப்ள, கண்ணுக்குத் தெரியுது. காதுல ஒண்ணும் விழுகலியே. இதுக்கு ஒரு கேசட் போடோணும்" என்றான். நாவலுக்கு யாராவது கேசட் போடுவார்களா என்று கதிரேசன் கேட்டான். போட்டால் என்ன என்று பிரான்சிஸ் கேட்டான். உக்கடத்தில் கேசட் கடை வைத்திருந்த ரசாக் பாய், கடையின் பின்னறைச் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டி, சென்னிமலைப் போர்வைகளைத் தொங்கவிட்டு, அதை ஒலிப்பதிவுக் கூடம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே ஏழு பாட்டுகள் பதிவாயின. ஏ பக்கத்தில் நான்கு, பி பக்கத்தில் மூன்று. சினிமா மெட்டு ஒன்று கூடக் கிடையாது. கடைசிப் பாட்டுக்கு வார்த்தையும் கிடையாது. கண்ணாஸ்பத்திரிக்கு வந்திருந்த கதிரேசனின் அம்மா பாவாத்தாள், கிணறு வெட்டிய காலத்தில் மண்கூடை சுமந்து படியேறும்போது முனகிக்கொண்டிருந்த ராகத்தை மைக்குக்கு முன்னால் முனகினாள். முடிகிற இடத்தில் ஒரு மழை பெய்தால் நன்றாக இருக்கும் என்று பிரான்சிஸுக்குத் தோன்றியது. நாவலில் எங்கேயும் மழை இல்லை. இருந்தாலும் ரசாக் பாய் வீட்டிலிருந்து முறத்தை எடுத்துவரச் சொல்லி, அதில் இரண்டு படி சோளத்தைக் கொட்டி இப்படியும் அப்படியுமாக உருட்டினார். அதுதான் மழை. புத்தகம் முந்நூறு அச்சானது. ஒவ்வொன்றோடும் ஒரு கேசட்டை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள். விழாவில் அதில் ஒன்றைப் போட்டுக்காட்டினார்கள்.

விழாவுக்குப் பிறகு வந்த மூன்று வாரங்களில் விஷயம் ஓரளவு தெளிவானது. பி பக்கத்து மூன்றாவது பாட்டு முடியும் இடத்தில், சத்தம் கேட்கும் தூரம் வரைக்கும், நாவலைப் படித்தவர்கள்மேல் மட்டும் மழை பெய்தது. பாதி படித்தவர்கள் தலையிலிருந்து இடுப்பு வரை நனைந்தார்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்தவர்களுக்குச் செருப்பு ஈரமானது. வேளாண்மைக் கல்லூரியிலிருந்து ஒருவர் மழைமானியோடு வந்தார். பஸ்ஸில் வரும்போது நூற்றுப்பத்துப் பக்கம் படித்திருந்ததால் மார்பு வரை நனைந்துபோனார். மழைமானியில் தண்ணீர் இல்லை. "மழை அளவு: சுழியம்" என்று ஈரக் கையால் எழுதிக்கொண்டு போனார். பிரான்சிஸ் தேவனுடைய கிரியை என்றான். ரசாக் பாய் டேப்பில் ஏதோ கோளாறு என்றார். கதிரேசனுக்குப் புரியாதது ஒன்றுதான்: பாட்டை முனகிய அம்மா நனையவில்லை. பாவாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. "படிச்சுக் காட்டு கண்ணு" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். எட்டு அத்தியாயம் வரை படித்துக்காட்டலாம், ஒன்பதாவதை எப்படி வாய்விட்டுப் படிப்பது என்று நினைத்து, டூட்டி இருப்பதாகச் சொல்லிவிட்டான். பாவாத்தாள் ஒரு புத்தகத்தையும் கேசட்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினாள்.

செங்காட்டுவலசில் அது இரண்டாவது வறண்ட வருடம். கிணறுகள் அடியில் பாறை தெரியக் கிடந்தன. மாடு மேய்க்கும் கொறங்காடுகளில் கிளுவை வேலி மட்டும்தான் பச்சை. டீக்கடை வெள்ளியங்கிரி பாவாத்தாளிடம் கேசட்டை வாங்கிக் கடை ஸ்பீக்கரில் போட்டார். பாட்டு முடியும்போது மழைச் சத்தம் கேட்டு ஊரே அண்ணாந்து பார்த்தது. வானம் வெளுத்திருந்தது. புத்தகத்தை யாரும் படித்திருக்கவில்லை, அதனால் யாரும் நனையவில்லை. ஆனால் சத்தம் பிடித்துப்போனதால் வெள்ளியங்கிரி தினமும் காலையும் மாலையும் அதைப் போட்டார். மழையை நினைத்துக்கொள்வதற்கு அதுவாவது இருக்கட்டும் என்றார்கள்.

பண்ணை இப்போது கந்தப்பனுடையது. அவருக்கு நாற்பத்து மூன்று வயது, இருபத்திரண்டு ஏக்கர், ஆறு காங்கேயம் மாடுகள். அவருடைய மனைவி தெய்வாத்தாள் எட்டாவது வரை படித்தவள். பண்ணை வேலைக்கு வந்த பாவாத்தாளிடம் அந்தப் புத்தகத்தை அவள்தான் கேட்டு வாங்கினாள். தன் மாமனார் பெயர் அதில் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் படிக்க முடியாது. பண்ணை நிலமான தென்காட்டுப் பனைமரத்தடியில் போய் உட்கார்ந்து படித்தாள். பள்ளிக்கூடத்தில் பழகியபடி வாய்விட்டுத்தான் அவளுக்குப் படிக்க வரும். எட்டு அத்தியாயத்தை முடித்த அன்று மாலை, டீக்கடைப் பாட்டு காற்றில் வந்தது. தெய்வாத்தாள் தலையிலிருந்து தொடை வரை நனைந்தாள். அவளைச் சுற்றி, அவள் குரல் எட்டிய தூரத்துக்கு, மண்ணும் நனைந்தது.

நான்கு நாள் கழித்துத் தென்காட்டுக்குப் போன கந்தப்பன், பனைமரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு பச்சையைப் பார்த்தார். புல் விரற்கடை உயரத்துக்கு முளைத்திருந்தது. வட்டத்துக்கு வெளியே பொரிந்த மண். அவர் அந்த வட்டத்தை மூன்று முறை சுற்றினார். பைப் உடைந்திருக்குமோ என்று பார்த்தார். அங்கே பைப்பே கிடையாது. வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்தார். தெய்வாத்தாள்தான் சொன்னாள்.

"ஏனுங்க, அது நான் படிச்சதுங்க."

"என்னத்தப் படிச்சே?"

"பாவாத்தா பையன் எழுதுன பொஸ்தவங்க. மண்ணு கேட்டுப்போட்டுதாட்ட இருக்குது."

கந்தப்பன் கையைக் கழுவினார். கோபப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. யார்மேல் என்பதுதான் தெரியவில்லை. மறுநாள் புல் காய ஆரம்பித்தது. குச்சியால் கிளறிப் பார்த்தபோது ஈரம் ஒரு விரல் ஆழத்துக்குமேல் போகவில்லை. எட்டு அத்தியாயத்துக்கு அவ்வளவுதான் மழை. மாடுகளுக்குத் தீவனம் பதினைந்து நாளுக்கு மேல் வராது. மூன்றையாவது சந்தையில் விட்டாக வேண்டும். அவர் தெய்வாத்தாளைக் கூப்பிட்டு, மிச்சத்தையும் காடு முழுக்க நடந்து படித்துவிடச் சொன்னார்.

"ஒம்பதாவத என்னால வாய்விட்டுப் படிக்க முடியாதுங்க," என்றாள் தெய்வாத்தாள். "மனசுக்குள்ள படிச்சுப் பாத்தேன். அதுல நீங்க இருக்கறீங்க. நீங்கதான் படிக்கோணும்."

"அதுல என்ன இருக்குது?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

கந்தப்பன் புத்தகத்தை வாங்கிப் புரட்டாமலேயே வைத்தார். மூன்று நாள் அது அரிசி டிரம்மின் மேல் கிடந்தது. நான்காம் நாள் காலை, அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் முறையாகக் காலனிக்குள் நடந்து போய்ப் பாவாத்தாள் வீட்டு வாசலில் நின்றார். எதற்கு அங்கே போனார் என்று பின்னால் பலர் கேட்டார்கள். காட்டில் போய் மண்ணுக்குப் படித்துவிட்டு வந்திருக்கலாம். அவருக்கும் தெரியவில்லை. கால் அங்கே போயிற்று என்று மட்டும் சொன்னார்.

"பாவாத்தா, இத நீ கேட்டுட்டியா?" என்றார்.

"எங்கீங்க பண்ணாடி. எனக்கு யாரு படிச்சுக் காட்டறா? பையனுக்கு நேரமில்லீங்களாமா." பாவாத்தாள் ஒரு சாக்கை உதறிப் போட்டாள். தான் அம்மிக்கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள். "நீங்க படிக்கறதானா படிங்க. நான் கேக்கறேன்."

ஏழு நாள் ஆயிற்று. கந்தப்பன் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், நடுவில் பாவாத்தாள் நிறுத்தச் சொல்வாள். மகன் எழுதியதில் பாதி அவளுக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் வீட்டுக் கதவு வடக்கே பார்த்தது, கிழக்கு என்று எழுதியிருக்கிறான் என்றாள். மாமியார் அப்படிப் பேசவே மாட்டாள் என்றாள். கந்தப்பனுக்கும் சில இடங்களில் குழப்பம் வந்தது; அந்த வருடம் பண்ணையில் செவலை மாடுதான் இருந்தது, புத்தகத்தில் மயிலை என்று இருந்தது. இருவரும் பேசி அதைத் தீர்த்துக்கொண்டார்கள். காலனிக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். என்ன நடக்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் ஒரு நாளும் யாரும் கலைந்து போகவில்லை.

ஐந்தாம் நாள் ஒன்பதாவது அத்தியாயம் வந்தது. கிணற்றை ஆழப்படுத்த வைத்த வேட்டுகளில் ஒன்று வெடிக்கவில்லை. போய்ப் பார் என்று பெரிய பண்ணாடி, கந்தப்பனின் அப்பா, சொல்கிறார். மாசாணம் கயிற்றில் இறங்குகிறான். வேட்டு வெடிக்கிறது. வேட்டு வைக்க லைசென்ஸ் இல்லாததால், திருட வந்தவன் என்று பெரிய பண்ணாடி போலீஸில் சொல்கிறார். இதெல்லாம் பாவாத்தாளுக்குத் தெரிந்ததுதான். அன்று காலை வேலைக்கு வரச்சொல்லிக் காலனிக்கு வெளியே சந்து முனையில் நின்று கூப்பிட்டது யாருடைய குரல் என்று அவள் இருபத்தைந்து வருடமாகச் சொல்லி வந்தாள், கேட்கத்தான் ஆள் இல்லை. அந்தக் குரல்தான் இப்போது படித்துக்கொண்டிருந்தது. "மேலே கயிற்றைப் பிடித்திருந்த சின்னப் பண்ணாடி துண்டை வாயில் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்" என்று ஒரு வரி வந்தது. கந்தப்பன் அந்த இடத்தில் நின்றார். மறுபடி ஒருமுறை மனதுக்குள் படித்தார்.

"நான் அழுகலீங்க," என்றார்.

அவர் அவளிடம் 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

"எறங்கறதுக்கு முன்னால மாசாணம் மடியில இருந்து ஒரு பொட்டணத்த எடுத்து என்ற சோத்தாங்கையில குடுத்துச்சுங்க. சந்தையில வாங்குன வறுத்த கடலை. தண்ணியில நனைஞ்சிரும், வெச்சிருங்க பண்ணாடி, ஏறி வந்து வாங்கிக்கறேன்னுச்சு. அதுக்கப்புறம் வெடிச்சுப்போச்சு. எங்கய்யன் போலீசுக்கு ஆளனுப்பிச்சாரு. நான் கெணத்து மேட்டுலயே நின்னேன். கையில பொட்டணம் இருந்துச்சு. என்ன பண்றதுன்னே தெரியல. தின்னுபோட்டனுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

பாவாத்தாள் வெகுநேரம் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பையன் காய்ச்சல்ல கெடந்தான்," என்றாள். "எந்திரிச்சா குடுக்கலாம்னு மடியிலயே வெச்சிருந்துது." பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மிச்சத்தப் படிங்க பண்ணாடி" என்றாள். அவர் படித்தார். மிச்சம் மூன்று அத்தியாயத்துக்கு அவள் ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

ஒரு வாரமாக ஊரில் கரண்ட் இல்லாமல் கேசட் ஓடவில்லை; ஏழாம் நாள் மாலை கரண்ட் வந்ததும் வெள்ளியங்கிரி வழக்கம்போல் கேசட்டைத் திருப்பிப் போட்டார். பாட்டு முடிந்ததும் பாவாத்தாளின் மேல் மழை பெய்தது. அவள் குரலுக்கு, அவள் பேரில், முதல் மழை. அம்மிக்கல்லை விட்டு எழுந்து வாசல் நடுவில் நின்றாள். "சில்லுனு இருக்குது" என்றாள். சேலை முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டது. கூட நின்று கேட்டிருந்த ஒன்பது பேரும் நனைந்தார்கள். வாசல் மண்ணில் தண்ணீர் கட்டி ஓடியது. நடுவில், சாக்கின் மேல், கந்தப்பன் காய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் படித்தவர் அவர்தான். தலையைத் தொட்டுப் பார்த்தார். சட்டையைத் தொட்டுப் பார்த்தார். பாவாத்தாள் துணி மாற்ற உள்ளே போனாள்.

அடுத்த பத்து நாள் அவர் தன் இருபத்திரண்டு ஏக்கரிலும் நடந்து நடந்து புத்தகத்தை உரக்கப் படித்தார், ஒன்பதாவது அத்தியாயத்தைக் கிணற்று மேட்டில் நின்று. காடு நனைந்தது. சோளம் விதைத்தார்கள், முளைத்து நின்றது. மாடு எதையும் விற்கவில்லை. அவர்மேல் ஒரு துளி விழவில்லை. ஊரில் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவசரமாகப் படித்தார் என்றார்கள். மனசில் ஏறவில்லை என்றார்கள். கண்ணாடி போட்டுப் படித்தால் கணக்கில் வராது என்று கூட ஒருவர் சொன்னார். தெய்வாத்தாள், மழையில் நனைந்துகொண்டே, காய்ந்த கணவனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். துண்டை எடுத்து யாருக்குத் துவட்டுவது என்று அவளுக்கே ஒரு நிமிடம் தடுமாறியது.

ஆவணி முடிவதற்குள் கந்தப்பன் அந்த வட்டாரத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், 1971இல் எழுதியதைத் திருத்த வேண்டும் என்றார். என்ன திருத்த வேண்டும் என்று எழுத்தர் கேட்டார். இறந்தவர் திருட வரவில்லை, நான்தான் கூப்பிட்டேன் என்றார். எழுத்தர் அலமாரிக்குள் அரை மணிநேரம் தேடிவிட்டு வந்தார். அந்த வருடத்துப் பதிவேடு எதுவும் மிச்சமில்லை. "இல்லாத ரெக்கார்ட எப்புடிங்க திருத்தறது?" என்றார். கந்தப்பன் பஸ் நிறுத்தத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பொய் எழுதிய தாள் இல்லை. ஆனால் பொய் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று யோசித்தபோது, ஊர்க்காரர்கள் வாயில்தான் என்று தோன்றியது.

அந்த வாரம் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாள். இரண்டு தெருவும் காலனியும் வரிசையில் நின்றன. கந்தப்பன் கேனோடு வந்து வரிசையில் நிற்காமல் கடைப் படியில் ஏறினார். "ஏனுங்க, எல்லாருங் கேளுங்க," என்றார். "மாசாணம் திருட வரல. காலையில நாந்தான் சந்து மொனையில நின்னு கூப்புட்டுக் கூட்டியாந்தேன். நாந்தான் கயிறு புடிச்சு எறக்கி உட்டேன். எங்கய்யன் சொன்னது பொய்யி. நானும் பொய்யி சொல்லிப்போட்டேன்." கடலையைப் பற்றியும் சொன்னார். வரிசையில் நின்ற வயதான ஒருவர், "அதுக்கு இப்ப என்ன பண்ணோணுங்கற கந்தா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். "தெரியலீங்க" என்றார் கந்தப்பன். இறங்கி வரிசையின் கடைசியில் போய் நின்றார். அதற்குப் பிறகு செங்காட்டுவலசில் மாசாணத்தின் பெயரோடு அந்தப் பழைய சொல்லை யாரும் சேர்க்கவில்லை. சேர்க்க வாயெடுத்தவர்களுக்கு நடுவில் இருமல் வந்தது.

கதிரேசன் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோதுதான் எல்லாவற்றையும் கேட்டான். கோபம் வந்தது, அம்மாவிடம் படித்துக்காட்டாத வெட்கமும் வந்தது, எதை முதலில் படுவது என்று தெரியவில்லை.

"அவரு அழுததா எழுதியிருக்கறியே, என்னத்துக்குக் கண்ணு?" என்று பாவாத்தாள் கேட்டாள்.

"அழுதிருப்பாருன்னு நெனச்சம்மா."

"அழுகலியாமா."

"எனக்கு வாங்குன கடலையா?"

"உனக்குத்தான்."

1998இல் இரண்டாம் பதிப்பு வந்தது. ஒன்பதாவது அத்தியாயத்தில் அழுகையை அடித்துவிட்டு, அந்த இடத்தில் பொட்டணத்தை எழுதியிருந்தான். கதவை வடக்கே திருப்பியிருந்தான். மாட்டைச் செவலை ஆக்கியிருந்தான். கேசட்டில் மாற்றம் எதுவும் இல்லை. புத்தகம் வெளிவந்த வாரமே பிரான்சிஸ் பட்டறையிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினான். முதல் பதிப்பை மட்டும் படித்தவர்கள் மழையில் முழுக்க நனைகிறார்கள், ஆனால் வலது உள்ளங்கை மட்டும் காய்ந்திருக்கிறது, எவ்வளவு நீட்டினாலும் துளி விழுவதில்லை, இதற்கு என்ன அர்த்தம் என்று ரசாக் பாய் கேட்கிறார் என்று எழுதியிருந்தான். புதிய பக்கத்தைப் படித்தால் சரியாகிவிடுகிறதாம். கதிரேசன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு விசில் ஊதினான்.

செங்காட்டுவலசில் அதே வாரம் கந்தப்பன் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தபோது பி பக்கத்துப் பாட்டு முடிந்தது. அவருடைய வலது உள்ளங்கையில் மழை பெய்தது. அங்கே மட்டும்தான். கையைத் திருப்பினார், நின்றது. விரித்தார், மறுபடி பெய்தது. இரண்டாம் பதிப்பை அவர் வாங்கவில்லை. பாவாத்தாள் ஒன்று கொடுத்தனுப்பினாள். அதில் இருப்பது தனக்குத் தெரியும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். முதலில் ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு வருவது நின்றது. இப்போதெல்லாம் வெள்ளியங்கிரி கேசட்டைத் திருப்பிப் போட்டால், கந்தப்பன் வேலையை அப்படியே போட்டுவிட்டு, எங்கே நிற்கிறாரோ அங்கேயே கையை நீட்டிக்கொள்கிறார். நிறையும்வரை நிற்கிறார். நிறைந்ததும் பக்கத்தில் எந்தச் செடி இருக்கிறதோ அதற்கு ஊற்றிவிட்டு, மாட்டை அவிழ்க்கப் போகிறார்.